தில்லியில் உங்களை இன்னும் விடாத ஒரு கணம்: அனுபவப் பகிர்வு

திருவாரூர்க்காரன்

தில்லி என்றதும் எல்லோரும் செங்கோட்டையிலிருந்து தொடங்குவார்கள். நான் ஜன்பத் சாலையில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குகிறேன். 2014 பிப்ரவரியில் அங்கே பார்க்காமல் விட்டுவந்த ஒன்று இன்றுவரை என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மகளின் நேர்முகத் தேர்வுக்குத் துணையாகப் போயிருந்தேன். மூன்றே நாள்தான். மூன்றாம் நாள் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்ப வேண்டும். அன்று பிற்பகல் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே நுழைந்தோம்.

நான் தேடிப் போனது மொகஞ்சதாரோ நடன மங்கையை. பாடநூலில் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் படத்தைப் பார்த்து, ஆளுயரச் சிலை என்றே நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததோ 10.5 செ.மீ. உயரமுள்ள வெண்கலம். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இடக்கை நிறைய வளையல்கள், இடுப்பில் ஊன்றிய வலக்கை, யாரையும் பொருட்படுத்தாத அந்த மோவாய் என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட காவலர், வயதானவர், அருகில் வந்து இந்தியில் மகளிடம், "உங்கள் நாட்டு நடராஜர் அந்தப் பக்கம் இருக்கிறார், அவரைப் பார்க்காமல் போய்விடாதே மகளே" என்றார். நாங்கள் அந்தக் கூடத்தின் வாசலை அடைந்தபோது மூடும் நேரம் ஆகிவிட்டது. கடைசி வரிசை விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் திருவாசியின் வளைவு மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

திருவாரூரில் இருப்பவனுக்கு நடராஜரைப் பார்க்கத் தில்லி எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். ஊரில் நான் அவரைப் பட்டும் மாலையும் சந்தனமுமாகத்தான் கண்டிருக்கிறேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், மெழுகில் வடித்து உலோகத்தில் வார்த்த சிற்பி கடைசியாகக் கண்ட கோலத்தில் அவர் நிற்கும் இடம் அந்தக் கூடம். அதற்குப் பத்தடி தூரத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

கரோல்பாக் மகள்

திருவாரூர் ஐயா, அருங்காட்சியகம் காத்திருக்கும். காத்திருக்காதவையும் தில்லியில் உண்டு.

சாந்தினி சௌக்கின் கினாரி பஜார் சந்தில் குளிர்காலக் காலைகளில் மட்டும் விற்கும் தௌலத் கி சாட் என்ற பண்டத்தை இங்கே பலரும் அறிந்திருப்பீர்கள். விடிவதற்கு முன் பாலைக் கடைந்து, பொங்கி வரும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, அகலத் தட்டில் குவித்து, குங்குமப்பூ நிறம் காட்டி, பிரம்பு முக்காலியின் மேல் வைத்து விற்பார்கள். வெயில் ஏறினால் நுரை அமர்ந்துவிடும். நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியோடு முடிந்துவிடும். நான் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஒரு காலையில், விற்பவர் அதைத் தொன்னையில் அள்ளி வைத்து, மேலே பொடித்த சர்க்கரையும் உதிர்த்த கோவாவும் பிஸ்தாச் சீவலும் தூவிக் கொடுத்தார். வாயில் வைத்தேன், விழுங்குவதற்கு எதுவும் இல்லை. இனிப்பும் குளிர்ச்சியும் மட்டும் நாக்கில் நின்றன.

அப்போது அம்மா என்னோடு கரோல்பாக் வீட்டில் இருந்தார். ஒன்று கட்டிக் கொடுங்கள், அம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். "இது வீடு போய்ச் சேராது. அம்மாவை இங்கே அழைத்து வாருங்கள், காசு வேண்டாம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த ஞாயிறு குளிர் அதிகம் என்று தள்ளிப்போட்டோம். அதற்கடுத்த வாரம் அலுவலக வேலை. பிறகு பருவம் முடிந்தது. அம்மா ஊருக்குத் திரும்பினார். இப்போது முழங்கால் வலியால் திருநெல்வேலியில் தெருமுனை வரைகூட நடக்க முடிவதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நான் அந்தச் சந்துக்குப் போகிறேன். விற்பவர் அங்கேயே இருக்கிறார். அம்மா எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்றுதான் ஒவ்வொரு முறையும் அஞ்சுகிறேன்.

முனீர்க்கா மொட்டைமாடி

மேலே எழுதிய இருவருக்கும் என் மரியாதை. ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தில்லியின் இன்பங்களைச் சொல்ல வருபவர்கள் எல்லோரும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். குளிருக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு இந்த நகரம் தன்னைப் பாதிதான் காட்டுகிறது. மே மாதத்தில் அமிர்தா ஷேர்கில் சாலை நெடுகக் கொன்றை பூத்துத் தொங்குவதை அவர்கள் பார்ப்பதே இல்லை. 45 டிகிரி வெயிலில் மரத்துக்கு இலையே இல்லாதது போல மஞ்சள் சரங்கள் மட்டும் இறங்கி நிற்கும். தூவெண் மதிசூடியின் முடிக்குரிய அந்தப் பூவை நான் இவ்வளவு சேர்த்து வேறெங்கும் கண்டதில்லை.

என் அனுபவமும் அந்த வெயிலில் நடந்ததுதான். அப்போது முனீர்க்காவில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி ஒற்றையறையில், குடியிருந்தேன். ஜூன் மாத நண்பகல். லோதி சாலை அருகே நாங்கள் போய்க்கொண்டிருந்த பேருந்தை இளைஞர்கள் சிலர் கைகாட்டி நிறுத்தினார்கள். ஏதோ தகராறு என்று நினைத்து நான் இருக்கையின் ஓரத்துக்கு ஒதுங்கினேன். தலைப்பாகை கட்டிய பையன்கள் தட்டுகளோடு ஏறி, ஓட்டுநரில் தொடங்கிக் கடைசி இருக்கை வரை ஒவ்வொருவர் கையிலும் ஒரு குவளையை வைத்தார்கள். பனிக்கட்டி மிதக்கும் இளஞ்சிவப்புப் பால், ரோஜா மணம். வெயிலில் வெடித்திருந்த என் உதடுகளில் அது பட்ட குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. குடித்துவிட்டுக் குவளையோடு பத்து ரூபாய்த் தாளையும் நீட்டினேன். பதினான்கு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் என் விரல்களை மடக்கித் தாளை என் கைக்குள்ளேயே வைத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டான்.

அது சபீல் என்பதையும், 1606-இல் உயிர்த்தியாகம் செய்த சீக்கிய குரு அர்ஜன் தேவின் நினைவாகக் கொடும் வெயிலில் வழிப்போக்கர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள் என்பதையும் அறைக்குத் திரும்பிய பிறகு வீட்டுக்காரம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பின் எத்தனையோ ஜூன் மாதங்களில் இரு கைகளையும் ஏந்தி வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு பையனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

ராஜீவ் சௌக் பயணி

என் அனுபவம் மிகச் சிறியது. சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையம் நிலத்துக்கு வெகு ஆழத்தில் இருக்கிறது. குளிரூட்டிய, மெழுகிவிட்டது போன்ற அந்த நிலையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிக்கட்டுகளில் ஏறி, கடைசிப் படியில் தலையை வெளியே நீட்டியபோது, என் முகத்துக்கு நேரே ஒரு மாட்டு வண்டியின் சக்கரம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகைக் கடைகள், தலைக்கு மேல் மின்கம்பிக் கொத்துகள், எங்கிருந்தோ நெய்யில் பொரியும் வாசனை. நகரும் படியிலிருந்து இறங்க மறந்து தடுமாறினேன். பின்னால் வந்தவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவுதான்.

இந்த இழையைப் படித்துவிட்டுத் தில்லிக்குப் புறப்படுபவர்கள் இருப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். தேசிய அருங்காட்சியகமும் செங்கோட்டையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்று ஹுமாயூன் கல்லறைக்கோ குதுப் மினாருக்கோ போங்கள். ஹுமாயூன் கல்லறைக்கு மாலையில் போவது நல்லது. சாயும் வெயில் செம்மணற்கல்லில் விழும்போதுதான் அந்தக் கட்டடம் முழுமையாகத் தெரியும். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி இருக்கிறது. அதற்கு முதலில் போய்விட்டுக் கல்லறைக்கு வாருங்கள். லோதி தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஆறு மணிக்குப் போனால் சிக்கந்தர் லோதியின் கல்லறைக்கு முன்னால் மூச்சுப் பயிற்சி செய்பவர்களுக்கு நடுவே நீங்களும் உட்காரலாம். தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் நடந்த பழைய புத்தகச் சந்தை 2019-இல் ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட் திடலுக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய இடத்தில் தேடி அலையாதீர்கள், சில கடைகளில் எடைக்கு விற்பார்கள், பை கொண்டு போங்கள். மெட்ரோவில் வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. குடும்பத்தோடு போகும் ஆண்கள் அவசரத்தில் அதில் ஏறிவிடுகிறார்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டம் பிப்ரவரியை ஒட்டித் திறக்கும், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பங்களா சாகிப் குருத்வாராவுக்குப் போகிறவர்கள் தலையை மூடத் துணி எடுத்துச் செல்லுங்கள். லங்கரில், அதாவது அங்குள்ள பொது உணவுக்கூடத்தில், உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படாதீர்கள், முடிந்தால் சிறிது நேரம் ரொட்டி தேய்த்துக் கொடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஊர் திரும்பும் மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்.கே. புரம் பெரியவர்

பயணி தம்பி சொன்னவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் இங்கே யாரும் வழிகாட்டி கேட்கவில்லை. அந்த வண்டிச் சக்கரத்தைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நான் 1971-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவன். மத்திய அரசு வேலை, ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. கோடைக்காலத்தில் வீட்டுக்குள் படுக்க முடியாது. குடியிருப்பே கயிற்றுக் கட்டில்களை வாசலில் போட்டுக்கொண்டு வானத்தின் கீழ் உறங்கும். அடுத்த கட்டில் லாகூரிலிருந்து 1947-இல் எல்லாவற்றையும் விட்டு வந்த ஒருவருடையது. எனக்கு இந்தி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்த நிலையிலும் பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். எங்கள் வீட்டு நாட்காட்டியில் வள்ளி தெய்வானையோடு நின்ற முருகனைப் பார்த்து ஒருநாள் திகைத்துவிட்டார். வடக்கே கார்த்திகேயனைப் பிரம்மசாரியாகவே வணங்குவது வழக்கம். "எப்போது கல்யாணம் ஆயிற்று? எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

1973 ஜூன் 7 அன்று மலை மந்திர் முருகன் கோயிலில் குடமுழுக்கு. என் மூத்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. பாறை கொதித்தது, காலை வைக்க முடியவில்லை. கூட்டத்தில் குழந்தையை என்னால் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது என்று கண்டு, அவர் தாமாகவே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். தண்ணீர் தெளித்தபோது கூட்டம் முழுவதும் "அரோகரா" என்று எழுந்தது. என் பக்கத்தில் அவரும் கண்களை மூடிக்கொண்டு "ஹரோ ஹரா, ஹரோ ஹரா" என்று தம்முடைய பஞ்சாபித் தொண்டையில் முழங்கினார். என் மகன் அவர் தலைப்பாகையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

1980-இல் அவருக்கு வேறு பகுதியில் வீடு ஒதுக்கினார்கள். முகவரி எழுதித் தந்தார், நான் தொலைத்துவிட்டேன். இன்றும் மயில்கள் அகவும் அந்த மலையில் ஏறி, சன்னதியில் "யாமிருக்க பயமேன்" என்ற எழுத்துகளுக்கு முன் நிற்கும்போது, பின்னாலிருந்து அந்தக் குரல் வருமா என்று காது தானாகக் கூர்மையாகிறது. அவர் இருந்தால் இப்போது தொண்ணூற்றைத் தாண்டியிருப்பார்.

வியாழன் மாலை

பெரியவர் ஐயா எழுதியதைப் படித்தபின் என்னுடையதையும் சொல்லத் துணிந்தேன். வியாழக்கிழமை மாலை, நிஜாமுதீன் அவுலியா தர்கா முற்றம். ஒருபுறம் அந்த சூஃபி ஞானியின் கல்லறை, சில அடிகள் தள்ளி அவருடைய மாணவரும் கவிஞருமான அமீர் குஸ்ரோவின் கல்லறை. இருவரும் 1325-இல் மறைந்தவர்கள். சன்னதியை நோக்கிக் கவ்வாலிப் பாடகர்கள் உட்கார்ந்து குஸ்ரோவின் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியக்காரரின் முழங்காலில் சாய்ந்தபடி ஏழு வயதுப் பையன் ஒருவன் கைதட்டிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அவன் கண்கள் சொருகித் தலை சரிந்தது. கைகள் மட்டும் தாளத்தை விடவில்லை. இரண்டு பாட்டு முழுக்க அவன் தூங்கிக்கொண்டே தட்டினான். அதற்குப் பிறகு பலமுறை போய்விட்டேன். கண்கள் பாடகர்களைப் பார்ப்பதில்லை, அந்த முழங்காலைத்தான் தேடுகின்றன.

திருவாரூர் ஐயாவுக்கு ஒன்று: நார்த் பிளாக், சவுத் பிளாக் என்ற மத்தியச் செயலகக் கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் நினைவில் இருக்கும் அதே வாசலில் நின்று நடராஜரைப் பார்க்க விரும்பினால் தள்ளிப்போடாதீர்கள்.

திருவாரூர்க்காரன்

மகளிடம் இன்று காலை பேசினேன். அந்தக் காவலர் சொன்னதை அவளும் மறக்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை போகிறோம். காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பதாக முடிவு. கரோல்பாக் மகளே, அதற்கு முன்பாக அந்தச் சந்துக்கு எத்தனை மணிக்கு வந்தால் நுரை அமராமல் கிடைக்கும் என்று சொல்லுங்கள். நீங்களும் வந்தால் மகிழ்வேன். அம்மா எங்கே என்று விற்பவர் கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.