ஸ்பா கார் பந்தயத்துக்கு முதல் முறை போகிறோம்: எங்கே உட்காரலாம், என்ன எடுத்துப் போகலாம்?

கேள்வி:
பதினோரு வருடமாக ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றைக்கூட விடாமல் டிவியில் பார்த்துவருகிறேன். இப்போதுதான் முதல் முறையாக நேரில் போகிறேன், பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்குக்கு. கூட என் ஒன்பது வயது மகள் வருகிறாள். வெள்ளி முதல் ஞாயிறு வரை இருப்போம். நீளமான ஸ்ட்ரெய்ட் (வளைவில்லாத நேர்ப்பாதை) ஓரமாக உட்கார்ந்தால் வேகத்தை ரசிக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா? மகளுக்குச் சத்தம் என்றால் பயம். அப்புறம், நேரில் பார்க்கும்போது யார் எந்த இடத்தில் ஓடுகிறார் என்பது எப்படிப் புரியும்?

பதில் 1:
ஸ்ட்ரெய்ட் வேண்டாம். என் முதல் பந்தயத்தில், வேறொரு ட்ராக்கில், நான் அப்படித்தான் ஸ்ட்ரெய்ட் நடுவில் இடம் எடுத்தேன். கார் 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். முதல் பத்துச் சுற்று சிலிர்த்தது. அதன்பிறகு எல்லாச் சுற்றும் ஒன்றுபோலவே இருந்தது.

கார் பிரேக் போடும் இடத்தில் உட்காருங்கள். ஓட்டுநர் எவ்வளவு தாமதமாகப் பிரேக் போடுகிறார், பின்னால் வருபவர் எந்தப் பக்கம் நுழையப் பார்க்கிறார், இதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். ஸ்பாவில் லா சோர்ஸ் திருப்பம் நல்ல இடம். ஸ்டார்ட் கோட்டைத் தாண்டியதும் வரும் முதல் வளைவு அதுதான், எல்லாரும் மொத்தமாக வந்து குவிவார்கள். கெம்மெல் ஸ்ட்ரெய்ட் முடியும் இடத்தில் வரும் லே கோம்ப் திருப்பம் இன்னொன்று. 2000 பந்தயத்தில் ரிக்கார்டோ சோன்டா என்ற ஓட்டுநரின் கார் நடுவில் இருக்க, மிக்கா ஹக்கினன் மறுபக்கமாகப் போய் மைக்கேல் ஷூமாக்கரை முந்தியது அங்கேதான்.

இந்த ட்ராக்கின் நீளம் 7.004 கிலோமீட்டர், பந்தயம் 44 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 நிமிடம் 50 விநாடி ஆகும். முதல் சில சுற்றுகளில் கார்கள் ஒட்டிக்கொண்டு போகும். எல்லாரும் கடந்தபின் ஒரு நிமிடத்துக்கு மேல் காலியான தார் சாலைதான் தெரியும். அதனால் யார் எந்த இடத்தில் ஓடுகிறார் என்று காட்டும் பெரிய திரை கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று இடம் எடுக்கும் முன்பே பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், வளைவைவிடவும் முக்கியம். கூட்டம் சேர்ந்தால் போனில் இணையம் திணறும், நேர அட்டவணையை முதலிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஓரிடத்தில் உட்காராமல் நடங்கள். ஓ ரூஜ் வளைவிலிருந்து ரெய்டியோன் வளைவுக்கு ஏறும் மேட்டை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். டிவியில் அந்தச் செங்குத்து தெரியவே தெரியாது. எனக்கு அன்று தொண்டை அடைத்துக்கொண்டது.

பதில் 2:
சத்தம் பற்றி நான் சொல்கிறேன், என் மகனையும் அதே வயதில் கூட்டிப்போனேன். 2014-இல் வி6 டர்போ ஹைப்ரிட் எஞ்சின் வந்தபிறகு எஃப்1 காரின் சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் இடையில் ஓடும் மற்றப் பந்தயங்களையும் மறக்காதீர்கள், எங்களுக்குக் காது அதிர்ந்தது போர்ஷே கார்கள் வந்தபோதுதான். மூன்று நாளும் மணிக்கணக்கில் கேட்பதால் பெரியவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

குழந்தைக்குத் தலையில் மாட்டும் இயர்மஃப் நல்லது. அங்கே போய் முதல் முறையாக மாட்டாமல், வீட்டிலேயே தினம் கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்குங்கள். உங்களுக்கு ஃபோம் இயர்ப்ளக் போதும். அதை விரலால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சும்மா காது வாசலில் வைத்தால் பயன் இல்லை.

பதில் 3:
மழைக்குத் தயாராகப் போங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ், உட்காரும் இடத்தைத் துடைக்க ஒரு துண்டு. ஸ்பாவில் ஒரு மூலையில் மழை கொட்டும்போது மறு மூலை காய்ந்து கிடக்கும். 2021-இல் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மணிக்கணக்காகக் காத்திருந்தோம், கடைசியில் சேஃப்டி கார் (ஆபத்தான நேரத்தில் முன்னால் மெதுவாகப் போய் மற்றக் கார்களைக் கட்டுப்படுத்தும் கார்) பின்னால் சில சுற்று ஓட்டிவிட்டு, வழக்கமான புள்ளிகளில் பாதியைக் கொடுத்து முடித்தார்கள். அன்று மாற்று சாக்ஸ் இல்லாமல் மாலைவரை நனைந்த காலோடு நின்றேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. லா சோர்ஸ் பக்கம் பார்க்கிறேன். ஒரே அணியின் இரண்டு கார்களை மகள் எப்படிப் பிரித்தறிவாள்? நிறம் ஒன்றாகவே இருக்கிறதே.

பதில் 1:
ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு சின்ன கேமரா பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு காரில் அது கறுப்பு, இன்னொன்றில் பளிச்சென்ற மஞ்சள். அணிவாரியாக யாருக்கு எது என்று ஒரு தாளில் அவளையே எழுதச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் அடையாள நிறத்தையும் சொல்லிக்கொடுங்கள்: சிவப்பு சாஃப்ட், மஞ்சள் மீடியம், வெள்ளை ஹார்டு, தடம் ஈரமானால் பச்சையும் நீலமும். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் அவள் பழகிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை யார் பிட்டுக்கு (டயர் மாற்றும் அணி நிறுத்தத்துக்கு) போய் டயர் மாற்றி வந்தார் என்று உங்களுக்கு அவளே சொல்லுவாள்.