மதுரை – மூணாறு – வால்பாறை: மூன்று நாள் மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு ஆலோசனை தேவை

கேள்வி: வைகைக்கரையான், மதுரை

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி மாதக் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் எங்கள் 125 சிசி மோட்டார் சைக்கிளில் மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போய்வர விரும்புகிறோம். முதல் நாள் தேனி, போடி, போடிமெட்டு வழியாக மூணாறு சென்று தங்குவது. இரண்டாம் நாள் மறையூர், சின்னார், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக வால்பாறை ஏறிவிடுவது. மூன்றாம் நாள் கீழே இறங்கி, பழனி, திண்டுக்கல் வழியாக வீடு திரும்புவது என்பது திட்டம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 600 கி.மீ. வருகிறது.

சமவெளியில் ஒரே நாளில் 350 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். மலையில் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. இந்தத் திட்டம் சரியா, இதே திசையில் சுற்றுவதா அல்லது உடுமலை வழியாக ஏறிப் போடி வழியாக இறங்குவதா, இருவரையும் பைகளையும் சுமந்துகொண்டு 125 சிசி வண்டி இந்த ஏற்றங்களைத் தாங்குமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். அவசரமாக ஓடித் திரும்புவது எங்கள் நோக்கமல்ல. மலையைப் பார்க்கவே வருகிறோம்.

பதில் 1: முந்தல் அடிவாரம், போடிநாயக்கனூர்

வணக்கம். திசையைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்ததே சரி. போடியில் ஏறுங்கள், சின்னாரில் இறங்குங்கள். போடியிலிருந்து போடிமெட்டு வரை குறைந்த தூரத்துக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயரம் ஏறிவிடும் செங்குத்தான பாதை இது. பயணத்தின் கடைசி நாளில், உடலும் பிரேக்கும் களைத்த நேரத்தில், இதில் இறங்குவதைவிட முதல் நாள் தெம்பாக ஏறுவது எல்லா விதத்திலும் நல்லது. மலைச்சரிவு கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் பாறைகளின் மேல் விழும். மேலே நின்று திரும்பிப் பார்த்தால் போடிச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். பிற்பகலில் அதே இடம் நிழலிலும் மூடுபனியிலும் மறைந்துவிடும்.

ஆனால் விடியற்காலையில் ஏற வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் வரிசையாக மேலே போகும். மாலையில் அதே வேகத்தில் இறங்கும். நேரத்துக்குத் தோட்டம் சேர வேண்டிய அவசரத்தில் ஓட்டுகிறார்கள். வளைவில் இடம் விட்டு ஒதுங்க வேண்டியது நாம்தான். மதுரையில் ஆறு மணிக்குப் புறப்பட்டு, போடியில் சிற்றுண்டி முடித்து, ஒன்பது மணிக்கு முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சாலை ஓரளவு ஓய்ந்திருக்கும்.

போடிமெட்டுக்குப் பிறகு பூப்பாறை வரை ஏலக்காட்டு நிழல், அதன் பிறகு தேயிலை. ஆனையிறங்கல் அணையை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். ஆனை இறங்கும் இடம் என்பதால்தான் அந்தப் பெயர். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோன பிறகும் சின்னக்கானல் சுற்றுப்புறத்தில் மற்ற யானைகள் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. சாலையில் யானை நின்றால் தொலைவிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருங்கள். ஒலிப்பானை அழுத்தவோ, பக்கவாட்டில் நுழைந்து போகவோ முயல வேண்டாம். அடுத்து வரும் கேப் ரோடு அகலமாக இருக்கிறதே என்று முறுக்க வேண்டாம். மழைக்காலங்களில் பாறை சரிந்து பலமுறை மூடப்பட்ட பகுதி அது.

இப்போது உங்கள் இரண்டாம் நாளுக்கு வருகிறேன். மூணாறிலிருந்து வால்பாறை சுமார் 180 கி.மீ. தூரத்தைக் காட்டிலும் நேரமே இங்கே கணக்கு. சின்னார் காட்டுச் சாலையில் மாலைக்குப் பின் இருசக்கர வண்டிகளை விட மாட்டார்கள். ஆழியாறு சோதனைச் சாவடிக்கும் அதே போன்ற கட்டுப்பாடு உண்டு. இரண்டு சாவடிகளையும் ஒரே பகலில் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் எந்த இடத்திலும் நின்று பார்க்க முடியாது. மலையைப் பார்க்க வருவதாகச் சொல்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் அதற்கு நேரமே இல்லை. நான்காவது நாள் ஒன்றைச் சேருங்கள், அல்லது வால்பாறையை விடுங்கள்.

பதில் 2: பட்டறை, பொள்ளாச்சி

நான் இருபது ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன். 125 சிசி வண்டி தாராளமாக ஏறும். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து இழுவை சற்று மந்தமாகத் தெரியும்; அது பழுதல்ல. ஏறும்போது வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றப் போய் வண்டி நின்றுபோனால், பின்னால் ஆள் அமர்ந்திருக்கும்போது சரிவில் தாங்கிப் பிடிப்பது கடினம். இடதுபுறம் திரும்பும் வளைவுகளின் உட்பகுதிதான் மிகவும் செங்குத்து என்பதை நினைவில் வையுங்கள். மேலிருந்து பேருந்து இறங்கினால் வளைவுக்குள் நுழையாமல் முன்னதாகவே நின்றுவிடுங்கள். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பேருந்துக்குத் திரும்புவதற்கு முழு வளைவும் தேவைப்படும்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் பிரேக்கில் ஷூ சூடேறிப் பிடிப்பை இழக்கும்; டிஸ்க் பிரேக்கில் ஈரம் கலந்த பழைய ஆயில் கொதித்து லீவர் தளர்ந்துவிடும். எனக்கே இளம் வயதில் வால்பாறையிலிருந்து இறங்கும்போது பின் பிரேக் முழுவதுமாகக் கைவிட்டது. முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை உரசவிட்டுத்தான் நிறுத்தினேன். அந்த நாளை நான் மறக்கவில்லை. அழுத்தி வேகத்தைக் குறைத்து உடனே விட்டுவிடுங்கள். பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரம் கொடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பிரேக் ஷூ அல்லது பேட், பிரேக் ஆயில், செயின் தளர்வு, கிளட்ச் கேபிள் நான்கையும் பார்த்துவிடுங்கள். முந்தைய நாள் பார்த்தால் புதிய ஷூ படிவதற்கு அவகாசம் இருக்காது. இருவர் செல்வதால் பின் சக்கரத்துக்கு வண்டியின் கையேட்டில் இருவருக்கென்று குறித்துள்ள காற்றழுத்தத்தை வையுங்கள். பின் ஷாக் அப்சார்பரையும் ஒரு படி இறுக்குங்கள்.

வால்பாறை பற்றி ஒரு செய்தி. பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்றால் கீழே ஆழியாறு அணையும், அருகே பாறை விளிம்பில் வரையாடுகளும் தெரியும். 2025 நவம்பர் 1 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இங்கிருப்பவன் என்ற முறையில் வால்பாறையை விடச் சொல்ல மனம் வரவில்லை. என்றாலும் ஒரு மாலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்குவதற்கான ஊர் அல்ல அது.

பதில் 3: சோலைக்குயில், கோயம்புத்தூர்

பின்னிருக்கையில் பல ஆண்டுகள் பயணித்து, இப்போது நானே ஓட்டுகிறவள் என்பதால் உங்கள் மனைவியின் சார்பில் சில வார்த்தைகள் எழுதுகிறேன். வளைவு வரப்போவது ஓட்டுகிறவருக்குத் தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தம் இடுப்பாலும் முழங்காலாலும் தம்மைத் தாங்கிக்கொள்கிறார். ஆகையால் முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். முதுகுப் பையை அவர் தோளில் மாட்டாமல் வண்டியில் கட்டுங்கள். ஜனவரி விடியலில் மூணாறைச் சுற்றிய தோட்டங்களில் உறைபனி படியும் நாள்கள் உண்டு. இருவருக்கும் கையுறையும், காற்றுப் புகாத மேல்சட்டையும் அவசியம்.

முதல் பதிலில் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன், கூடுதலாக ஒன்று. மூணாறில் ஓர் இரவு போதும், அடுத்த இரவை மறையூரில் வையுங்கள். இடைத்தூரம் வெறும் 40 கி.மீ.தான், ஆனால் அந்த 40 கி.மீட்டரில் நிலமே மாறிவிடும். தேயிலையும் சோலைக்காடும் முடிந்து, வழியில் லக்கம் அருவியைத் தாண்டியதும் காற்று காய்ந்து, சந்தன மரங்களும் கரும்பு வயல்களும் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் மழையை ஆனைமுடிப் பக்கத்து உயர்ந்த மலைகளே வாங்கிக்கொள்வதால் மறையூர் மழைமறைவில் இருக்கிறது. அங்கிருந்து சின்னார் இறங்கினால் முட்காடே வந்துவிடும். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழ்வது அந்த வறண்ட காட்டில்தான். கேரளத்திலிருந்து கிழக்கே திரும்பி நம் அமராவதிக்கு நீர் கொண்டுவரும் பாம்பாறும் அவ்வழியில்தான் ஓடுகிறது. மாலையில் பாறைத் திட்டுகளின் மேலுள்ள முனியறைகளுக்கு நடந்து போங்கள். கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை ஆலையடியிலேயே சூடாக வாங்கலாம்.

வைகைக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். வால்பாறையை இன்னொரு பயணத்துக்கு வைப்பது என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். முதல் இரவு மூணாறு, இரண்டாம் இரவு மறையூர், மூன்றாம் நாள் காலையில் சின்னார் இறங்கி உடுமலை, பழனி வழியாக மதுரை. பிரேக் வேலைக்கு வரும் சனிக்கிழமையே வண்டியை விடுகிறேன். கடைசி நாள் சமவெளிச் சாலையில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

முந்தல் அடிவாரம்

உண்டு. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் உடுமலைப் பக்கமிருந்தும் திண்டுக்கல் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடந்து வருவார்கள். இருட்டிய பிறகும் நடை நிற்காது. மலையிலிருந்து இறங்கி நேர்சாலையைக் கண்டதும் கை தானாக முறுக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை வேகத்தை அடக்கி, வெளிச்சம் இருக்கும்போதே திண்டுக்கல்லைப் பிடித்துவிடுங்கள். மறையூரில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.