கேஜும் ஸ்கேலும்: இரண்டுக்கும் ‘அளவு’ என்றால் எப்படி?

(டப்ளினிலிருந்து)

குழுவினருக்கு வணக்கம்.

இத்தனை நாள் மற்றவர்கள் மடலைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று ஒரு சிக்கலோடு வருகிறேன். அயர்லாந்தின் மாதிரி ரயில்களைப் (நிஜ ரயிலைச் சுருக்கிச் செய்து மேஜைமேல் ஓட்டுபவை) பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன், மூன்றாவது பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள தூரம்), ஸ்கேல் (நிஜத்தை மாதிரியில் எவ்வளவு சுருக்குகிறோம் என்பது) என்ற இரண்டு சொற்கள்தான் காரணம். எந்த அகராதியைப் புரட்டினாலும் அளவு, அளவி, அளவீடு, அளவுகோல் என்று ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள்தான் எட்டிப் பார்க்கிறார்கள். வேறு நாட்டு ரயிலென்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். இங்கே முடியாது, ஏனென்றால் இங்குள்ள மாதிரி ரயில்காரர்களின் தீராத சண்டையே இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததைப் பற்றித்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தின் முதல் ரயில் 1834இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு (இன்றைய டன் லேரி) ஓடியது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இங்கிலாந்தில் இருப்பது போலவே 4 அடி 8½ அங்குலம். வடக்கே அல்ஸ்டர் ரயில்வே 1839இல் பெல்ஃபாஸ்டிலிருந்து லிஸ்பர்னுக்குப் பாதை போட்டபோது 6 அடி 2 அங்குலம் வைத்தார்கள். டப்ளின்–ட்ரோஹெடா கம்பெனி 5 அடி 2 அங்குலம் போதும் என்றது. மூன்று பேரும் ஒரு நாள் ஒரே ஊரில் சந்திக்க வேண்டும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. பஞ்சாயத்து லண்டனுக்குப் போக, அங்கே ரயில்வே ஆய்வாளராக இருந்த ராணுவ அதிகாரி பேஸ்லி பலரையும் விசாரித்துவிட்டு 5 அடி 3 அங்குலம் என்றார். அதுவே 1846இல் சட்டமானது. மூவரில் ஒருவருடைய எண்கூட இல்லை அது! முதலில் போட்ட கிங்ஸ்டவுன் பாதையையே 1857இல் பெயர்த்து மாற்ற வேண்டியிருந்தது. இன்றும் தீவு முழுக்க, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அதே 1,600 மி.மீ.தான்.

இப்போது மாதிரிக்கு வருவோம். பிரிட்டனிலும் இங்கேயும் அதிகம் புழங்குவது டபுள்-ஓ (OO) என்ற வகை. நிஜத்தில் ஒரு அடி, மாதிரியில் 4 மி.மீ., அதாவது ஏறக்குறைய 76இல் ஒன்று. இது ஸ்கேல். அந்தக் கணக்கில் 5 அடி 3 அங்குலத்துக்குச் சரியாக 21 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் டபுள்-ஓ தண்டவாளத்தின் கேஜ் 16.5 மி.மீ. அதை நிஜத்துக்குத் திருப்பினால் 4 அடி 1½ அங்குலம்தான். இங்கிலாந்து வண்டிக்கே அது ஒடுக்கம், ஐரிஷ் வண்டிக்கோ முழுதாக ஒரு அடிக்கு மேல் குறைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலையைத் தாழ்த்தி வண்டியை நேருக்கு நேராகப் பார்த்தால்தான் தெரியும், தடித்த ஆள் கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது போல.

ஆகவே ‘அளவு சரி, ஆனால் அளவு தப்பு’ என்று எழுத வேண்டிய நிலைமையில் இருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

———

(சென்னையிலிருந்து)

இதில் என்ன சிக்கல் தம்பி? பேப்பரில் நாற்பது வருஷமாக ‘அகலப்பாதை’ என்றுதானே எழுதுகிறார்கள்? மீட்டர்கேஜை எடுத்துவிட்டு பிராட்கேஜ் போட்டபோது ஊரெல்லாம் அந்தச் சொல் பரவிவிட்டது. கேஜுக்குப் ‘பாதை அகலம்’, ஸ்கேலுக்கு ‘விகிதம்’. முடிந்தது வேலை.

ஒரு தகவல்: இங்கே 5 அடி 6 அங்குலப் பாதையை மாதிரியாகச் செய்கிறவர்களுக்கும் உங்கள் தலைவலிதான். உங்கள் கணக்குப்படி எங்களுக்கு 22 மி.மீ. வர வேண்டும். நானும் 16.5இல்தான் ஓட்டுகிறேன். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

———

(டப்ளினிலிருந்து)

அண்ணா, ‘அகலம்’ எனக்கும் முதலில் தோன்றியதுதான். ஆனால் எதன் அகலம்? கேஜை அளப்பது ஒரு தண்டவாளத் தலையின் உள்முகத்திலிருந்து மறு தண்டவாளத் தலையின் உள்முகம் வரை. பாதை அகலம் என்றால் சிலிப்பர் கட்டையின் முனையிலிருந்து முனை வரை என்று எடுத்துக்கொள்ளலாம், ஜல்லி மேட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். போதாததற்கு வண்டியின் உடம்பு எவ்வளவு அகலம் இருக்கலாம், பாலத்திலும் நடைமேடையிலும் உரசாமல் போகுமா என்பதற்கு வேறொரு கேஜ் இருக்கிறது. அங்கேதான் ‘அகலம்’ சரியாகப் பொருந்தும். அதை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது?

‘விகித’த்திலும் எனக்கு ஒரு குறை. விகிதம் வெறும் எண். 76இல் ஒன்று என்பது விகிதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஸ்கேலுக்குச் செய்த இன்ஜின்’, ‘ஸ்கேலை விட்டு விலகிய சக்கரம்’ என்றெல்லாம் சொல்லும்போது அது இழுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேஜ் என்பது இங்கே மேஜைமேல் ரயில் ஓட்டுகிறவர்களின் கவலை மட்டுமில்லை. பழைய இன்ஜின்களைக் காப்பாற்றி ஓட்டுகிறவர்களின் தலையெழுத்தையும் அதுதான் எழுதுகிறது. பிரிட்டனில் ஒரு சங்கத்தின் நீராவி இன்ஜின் பழுதானால் இன்னொரு சங்கத்திடம் ஒரு பருவத்துக்கு இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். அயர்லாந்தில் அது நடக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் இன்ஜின் இருந்தும் ஒன்றுகூட இந்தத் தண்டவாளத்தில் உட்காராது. 1964இல் தொடங்கிய அயர்லாந்து ரயில் பாதுகாப்புச் சங்கம் ஆன்ட்ரிம் மாவட்டத்து வைட்ஹெட்டில் பட்டறை வைத்து, மிஞ்சிய கைப்பிடியளவு இன்ஜின்களையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டுகிறது. அதிலே 4ஆம் எண் இன்ஜின் 1947இல் இங்கிலாந்தின் டெர்பியில் செய்து கப்பலேற்றி வந்தது. பிறந்த ஊரில் ஒரு மைல்கூட ஓட முடியாத இன்ஜின்! வட அயர்லாந்தில் 1970இல் நீராவி முடிகிற வரைக்கும் உழைத்தது, அடுத்த வருஷம் சங்கம் வாங்கிக்கொண்டது. டவுன்பாட்ரிக் பாதையில் ஓட்டுவதற்குக் கிடைத்ததோ சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த குட்டி இன்ஜின்கள். இருப்பதை வைத்துத்தான் பிழைப்பு.

இதையெல்லாம் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் கேஜ் வருகிறது. அதனால்தான் சரியான சொல் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

———

(வடமராட்சியிலிருந்து)

தம்பி, ஸ்கேலுக்குப் புதுச்சொல் ஏன்? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தபோது படத்தின் ஸ்கேலை ‘அளவுத்திட்டம்’ என்றுதான் சொல்லித்தந்தார்கள். படத்தில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் ஒரு கிலோமீற்றர். உங்கள் மாதிரி இரயிலில் 4 மி.மீ., நிலத்தில் ஒரு அடி. இரண்டும் ஒரே கதைதானே? அளவுத்திட்டத்துக்கு அமைந்த இயந்திரம், அளவுத்திட்டம் பிழைத்த சில்லு. எனக்கு வடிவாக விளங்குகிறது.

நீங்கள் ஸ்கேல் ஸ்கேல் என்று எழுத எழுத எனக்கு வாத்தியாரின் அடிமட்டமும் (கோடு போடும் கோல்) புறங்கையில் விழுந்த அடியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேஜுக்கு என்னிடம் சொல் இல்லை. அகலம் சரிவராது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

———

(நெல்லையிலிருந்து)

எனக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொத்தனார் பேச்சு காதிலேயே இருக்கிறது. அறையின் அளவைச் சொல்லும்போது அவர் வெறுமனே பத்துக்குப் பன்னிரண்டு என்று சொல்ல மாட்டார், ‘உள்கூடு பத்துக்குப் பன்னிரண்டு’ என்பார். சுவரின் தடிமன் சேராது, பூச்சு முகத்திலிருந்து எதிர்ப் பூச்சு முகம் வரை. மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்களும் உள்கூட்டு அளவைத்தான் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் ‘உள்முகத்திலிருந்து உள்முகம்’ அதுவேதானே தம்பி? சுவருக்குப் பதில் தண்டவாளம். ‘தண்டவாள உள்கூடு’ என்றால் என்ன குறைந்துபோகும்?

———

(சென்னையிலிருந்து)

அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தமிழில் எழுதினால் ரயில் கேஜும் கிளி அடைக்கிற கேஜும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ‘கூடு’ என்று எழுதினால் நாம் கூண்டை மொழிபெயர்த்துவிட்டோம் என்று நாலு பேர் கேலி செய்யப்போகிறார்கள்.

கேலி இருக்கட்டும், எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம். கூடு என்றால் நாலு பக்கமும் அடைத்தது. தண்டவாளத்துக்கு நடுவே இருப்பது வெறும் இடைவெளி. ‘தட இடைவெளி’ என்று வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டாமே?

அப்புறம் ஸ்கேலைப் பற்றி ஒரு வேடிக்கை. நம் பழைய கணக்கில் காணி என்றால் 80இல் ஒன்று. டபுள்-ஓ அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைவிடச் சின்னதாக, ஐரோப்பாவில் பரவலாக ஓடுகிற ‘என்’ (N) ஸ்கேல் 160இல் ஒன்று, அது கச்சிதமாக அரைக்காணி. எங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் கடைக்காரரிடம் ‘அரைக்காணி இன்ஜின் ஒன்று கொடப்பா’ என்று கேட்டிருப்பார்.

———

(டப்ளினிலிருந்து)

அரைக்காணியை விடமாட்டேன், கட்டுரையில் எங்காவது நுழைத்துவிடுவேன்.

அளவுத்திட்டம், சரி. ஐயாவுக்கு நன்றி. இருக்கிற சொல் இருக்கும்போது நாம் ஏன் புதிதாக ஒன்றைப் பிசைந்துகொண்டு.

கேஜுக்கு வந்த இரண்டு சொற்களையும் நேற்று இரவு எழுதிப் பார்த்தேன். சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், வாக்கியத்தில் பூட்டி இழுக்கவிட்டால்தான் தெரியும். ‘தட இடைவெளி’ புரிகிறது, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் போகிற இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்றும் புரிகிறது. இரட்டைப் பாதையில் அதுவும் ஒரு முக்கியமான கணக்கு, மாதிரியில் அதைத் தப்பாக வைத்தால் வளைவில் இரண்டு வண்டியும் உரசிக்கொள்ளும். உள்கூட்டில் அந்தக் குழப்பம் இல்லை. ‘16.5 உள்கூட்டில் ஓடும் ஐரிஷ் டீசல்’, ‘21 உள்கூட்டுக்கு மாற்றிய பெட்டி’, ‘உள்கூடு இறுகிவிட்டது, சக்கரம் ஏறி நிற்கிறது’. கடைசி வாக்கியத்தை எழுதியபோது கை தானாக ஓடியது.

நாலு பக்கமும் அடைத்ததுதானே கூடு என்ற கேள்வி நியாயம்தான் அண்ணா. ஆனால் கொத்தனார் கதவு நிலைக்கும் உள்கூடு சொல்வார் என்று நினைக்கிறேன், அக்கா அவரிடம் கேட்டுச் சொன்னால் தேவலை. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம், எங்கே தொட்டு அளக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இந்த ஊரின் குறுகிய பாதைகளையும் வைத்துச் சோதித்தேன். மேற்கு கிளேர், டோனிகால், டிரலி–டிங்கிள் எல்லாம் 3 அடி உள்கூடு. கடைசியாகப் பயணிகளை ஏற்றிய மேற்கு கிளேர் 1961இல் மூடியது. இங்கே ஒரு அதிசயம்: பெரிய பாதைக்குப் பொருந்தாத அதே 4 மி.மீ. அளவுத்திட்டத்தில் 3 அடிக்கு 12 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது, ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் பாதை மலை ரயில்களுக்காகச் செய்து விற்பது. அதனால் குறுகிய பாதைக்காரர்கள் செலவில்லாமல் துல்லியம் அடைந்துவிடுகிறார்கள், அகலப்பாதைக்காரர்கள் சக்கரம், அச்சு, தண்டவாளம் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. நான் மூன்று மாதமாக ஒரே ஒரு இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், 101 வகை, 1866இலிருந்து மொத்தம் 111 செய்தார்கள், இந்தத் தீவில் அதிகமாகச் செய்த இன்ஜின் வகை அதுதான். சிலிண்டர் உள்ளே இருப்பதால் உள்கூட்டை விரிப்பது சுலபம் என்றார்கள். யார் சொன்னாரோ அவர் கையில் கிடைத்தால் தேவலை.

பழைய ரயிலுக்குப் ‘பாரம்பரிய ரயில்’ என்று போடலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. டவுன்பாட்ரிக்கில் 1950இல் மூடிய பாதையை ஆர்வலர்கள் பிற்பாடு திரும்பப் போட்டார்கள், வைட்ஹெட்காரர்களோ அரசின் தண்டவாளத்திலேயே பழைய வண்டியை ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயரா? இதை வேறு இழையில் பேசலாம், இங்கே ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை வரை போகும்.

———

(நெல்லையிலிருந்து)

கேட்டேன். நிலைக்கும் உள்கூடுதான், ஜன்னலுக்கும் உள்கூடுதான். ‘எதுக்கு கேக்குதீங்க’ என்றார். அயர்லாந்து ரயிலுக்கு என்றேன். அடுத்த சாந்துச் சட்டியை வாங்கப் போய்விட்டார்.

———

(சென்னையிலிருந்து)

சரி, கூண்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தம்பி, வேறொரு சந்தேகம், இதற்குத் தனி இழை வேண்டாம். நானும் 22 மி.மீ.இல் ஒரு முழம் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். நேர்பாதையில் வண்டி நன்றாக ஓடுகிறது, வளைவில் ஆறு சக்கர இன்ஜின் மட்டும் இறுக்கிக்கொண்டு நிற்கிறது. வளைவில் உள்கூட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டுமா? எவ்வளவு?

———

(டப்ளினிலிருந்து)

ஆமாம் அண்ணா, நிஜ ரயிலிலும் கடும் வளைவில் தளர்த்துவார்கள். என் வளைவில் கால் மி.மீ. விட்டிருக்கிறேன், நடுச் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் தண்டவாளத்தில் கை வையுங்கள், பசையைப் பெயர்ப்பது பெரிய பாடு.