மறு: சர்வர் ரேக், தேர்ட் பார்ட்டி ரேக் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

சர்வர் கையேட்டைத் தமிழாக்குறப்போ ரேக்குக்கு, அதாவது சர்வர் பெட்டிகளை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டி வைக்கிற இரும்புச் சட்டத்துக்கு, என்ன சொல் வைக்கலாம்னு நடக்குற இந்த இழையை முதல்லேர்ந்து படிச்சுட்டுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

> ரேக் = அடுக்கு. எளிமையா இருக்கு, முடிச்சுக்கலாமே.

முடிக்க முடியாதுங்க. அடுக்கை ஏற்கெனவே லேயருக்கும் குடுத்தாச்சு, ஸ்டாக்குக்கும் குடுத்தாச்சு. இப்ப ரேக்குக்கும் அதையே குடுத்தா "மூன்றாம் அடுக்கு ஸ்விட்ச்"னு எழுதினா அது லேயர் 3 ஸ்விட்சா (நெட்வொர்க்கோட மூணாவது லேயர்ல வேலை செய்யுற வகை) இல்ல ரேக்குல மூணாவதா மாட்டினதான்னு படிக்கிறவர் முழிப்பார். அலமாரியும் சரிவராது. அலமாரின்னா தட்டு இருக்கும், சாமான் தட்டு மேல உக்காரும். சர்வர் ரேக்ல தட்டே கிடையாது, நாலு இரும்புக் கால், ஒவ்வொண்ணுலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டை, அவ்வளவுதான், பெட்டி அந்தக் கால்களைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன இறாக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கந்தோர் (ஆபீஸ்) மாதிரி டச்சுக்காரன் காலத்துல வந்து அங்க வீட்டுக்குள்ளயே ஊறிப்போன சொல். ஆனா அதுவும் தட்டு வச்ச சாமான்தான், இந்தப் பக்கம் கேட்டா ஒருத்தருக்கும் புரியாது. இலங்கைக்குத் தனி மொழிபெயர்ப்பு போட்டா அதுல தாராளமா வைங்க.

நான் சொல்றது நிலைச்சட்டம். ஆசாரி வாசலுக்கு நிலை வைக்கிறார் இல்லையா, செங்குத்தா கால், நடுவுல வெறும் திறப்பு, ரேக்கும் அதே அமைப்புதான். ரேக்கோட காலை இங்கிலீஷ்ல போஸ்ட்னு சொல்றாங்க, அதுக்குத் தனியா சொல் தேட வேணாம், பந்தக்கால் வாசக்கால்னு கால் நம்மகிட்டயே இருக்கு. அப்போ ஃபோர் போஸ்ட் ரேக் நாலுகால் நிலைச்சட்டம், டெலிகாம் ரூம்ல நிக்குற டூ போஸ்ட் இருகால் நிலைச்சட்டம். வெறும் சட்டகம் போதாதான்னு கேட்டவருக்கு: அதை சாஃப்ட்வேர் ஃப்ரேம்வொர்க் ஏற்கெனவே எடுத்துக்கிச்சு.

> தேர்ட் பார்ட்டி ரேக் = மூன்றாம் தரப்பு அடுக்கு

என் நிஜமான சண்டை இதோடதான். வண்டி இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டின்னா நாம இடிச்ச ஆளு. சர்வர் கையேட்டுல அதுக்கு அர்த்தம் "எங்க கம்பெனி செய்யாத ரேக்", வேற ஒண்ணுமில்ல. மூன்றாம் தரப்புன்னு தலைப்பு போட்டா, இது ஏதோ வாரண்டி, ஒப்பந்த சமாச்சாரம்னு டெக்னீஷியன் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடுவார், அவர் கட்டாயம் நின்னு படிக்க வேண்டிய பக்கமே அதுதான்.

ஏன்னா ஈஐஏ-310ங்கிற அமெரிக்க அளவுத் தரத்துல வர்ற ரேக்ல யார் செஞ்சாலும் மாறாதது கொஞ்சம்தான். மாட்டுற பெட்டியோட முன்பக்க அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ., ஒரு யூ (ரேக்ல உயரத்தை எண்ணுற அளவு) உயரம் 44.45 மி.மீ., ஓட்டைகள் 15.9, 15.9, 12.7 மி.மீ.னு திரும்பத் திரும்ப வரும். ஒரு யூ முடிஞ்சு அடுத்தது தொடங்குறது அந்தக் குறுகின 12.7 இடைவெளிக்கு நடுவுல, இதைப் பார்க்காம ஒரு ஓட்டை தள்ளி மாட்டினா மேல இருக்கிற பெட்டி உள்ளயே போகாது. மாறுறது மத்ததெல்லாம்: ஓட்டை 9.5 மி.மீ. சதுரமா, வெறும் வட்டமா, மரை வெட்டினதா, வெட்டினதுன்னா திருகு அளவு எம்6-ஆ, 10-32-ஆ, 12-24-ஆ. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், சர்வரை ரெண்டு பக்கமும் தாங்குற ரெயில் அந்த அளவுக்கு நீளுமா சுருங்குமா, பின்னாடி செங்குத்தா மாட்டின பவர் ஸ்ட்ரிப் ரெயில் வாலை இடிக்குமா, முன்கதவு மூடுமா. டெலிகாம்ல 23 அங்குல ரேக்கும் இருக்கு, ஓப்பன் கம்ப்யூட்டோட (டேட்டா சென்டர் வடிவமைப்புகளை எல்லாருக்கும் திறந்து குடுக்குற அமைப்பு) ஓப்பன் ரேக்ல உள்ள மாட்டுற அகலமே 21 அங்குலம், அதுல 19 அங்குல சர்வரை அப்படியே மாட்ட முடியாது. அதனால "பிற நிறுவன நிலைச்சட்டம்"னு பச்சையா எழுதுவோம், நம்ம ரேக் வேற கம்பெனியோடதாச்சே, அளந்து பார்ப்போம்னு அவருக்குத் தோணும்.

மவுண்டுக்கு மாட்டுதல் போதும், ஏற்றுதல் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்றதுக்கே இருக்கட்டும். ரெயிலுக்குத் தண்டவாளம் போட்டவரை நான் ஒண்ணும் சொல்லல, ஆனா டிராயருக்கு ஆசாரி போடுற சேனல்தான் அது, வெளிய இழுக்க வர்றதுக்கு இழுதடம், அசையாம தாங்குறதுக்குத் தாங்குதடம்னு வச்சுப் பார்த்தேன். "ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் இழுதடத்தில் வெளியே இழுக்கவும், இல்லையெனில் நிலைச்சட்டம் முன்பக்கமாகக் கவிழலாம்", வாசிச்சா தடுக்கல.

ரேக்கோட சதுர ஓட்டையில திருகு பிடிக்கிறதுக்காகச் சொருகுற கேஜ் நட்டுக்குக் கூட்டு மரைன்னு வந்திருக்கு, கூட்டுன்னதும் எனக்குப் பூசணிக்கா கூட்டுதான் ஞாபகம் வருது. கூண்டு நட்டு போதும். சதுர ஓட்டையில அதோட ரெண்டு காதையும் அமுக்கித் தள்ளும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி நகத்தடி கிழிஞ்ச யாரும் அதை மரைன்னு சொல்லிக் கேட்டதில்ல. யூவை யூவாவே விடுங்க, அலகுன்னா எல்லா அளவுக்கும் அலகுதான்.

பாக்கி பிளாங்கிங் பேனல். காலியா கிடக்கிற யூவை மூடுற தகடு, பின்னாடி தள்ளின சூட்டுக்காத்து ரேக்குள்ளயே சுத்தி முன்னாடி வந்துடாம தடுக்குறது. மூடுதகடுன்னு போட்டிருக்கேன், வேற நல்லதா இருந்தா சொல்லுங்க, "வெற்றுப் பலகை"யை மட்டும் திரும்பக் கொண்டு வராதீங்க.