மறு: பருவுக்குத் தரும் கருத்தடை மாத்திரை – என்ன பெயர் போடலாம்?

வணக்கம். தோல்நோய்ப் பிரிவில் கொடுக்கிற கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. களிம்புக்கு அடங்காத பருவுக்குச் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கருத்தடை மாத்திரை தருகிறார்கள். சூலகத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன்களின் சுரப்பு குறைகிறது, கல்லீரல் ஒரு புரதத்தைக் கூடுதலாக உண்டாக்க அது ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இதெல்லாம் எழுதிவிட்டேன், பெயரில்தான் நிற்கிறேன். ‘கருத்தடை மாத்திரை’ என்று போட்டால் கல்யாணமாகாத பெண்ணின் அம்மா வாங்கவே விடமாட்டார் என்கிறார்கள் செவிலியர்கள். ‘ஹார்மோன் மாத்திரை’ என்றால் தைராய்டு மாத்திரையும் அதுதானே?

-----

அம்மா, ‘ஹார்மோன்’ வேண்டாம். வடசொல்லுக்கே ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை விலக்கி) என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியிருக்க, கிரேக்கச் சொல்லுக்கு ஹகரம் எதற்கு? ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1905இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அதன் கிரேக்க வேருக்குத் தூண்டி இயக்குதல் என்றே பொருள், நம் ‘இயக்குநீர்’ அப்படியே பொருந்துகிறது. ‘முகப்பரு’வும் தவறு, முதுகிலும் மார்பிலும் வருவதை என்னவென்பது? ‘பரு’ போதும். பருத்தல் என்ற வினையில் பிறந்த சொல், பருமனும் அந்த வேர்தான். பருவத்தை வடமொழிப் ‘பர்வ’த்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, நான் ஏற்கமாட்டேன், பருவத்தில் பருப்பது பரு. தவிர ‘கருத்தடை’யைக் கருத்து + அடை என்றும் பிரிக்கலாம், குற்றியலுகரம் கெட்டு. சூல் என்ற பழஞ்சொல் இருக்க இது எதற்கு என்று பல காலமாகக் கேட்கிறேன். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம், ‘பருத்தடை இயக்குநீர் மாத்திரை’ என்று போடுங்கள்.

-----

ஐயா, யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாடப் புத்தகத்தில் ‘ஓமோன்’ என்றுதான் படித்தோம். ஹகரமும் இல்லை, எல்லாருக்கும் விளங்கும். ‘நீர்’ என்று முடிந்தால் குடிக்கிற மருந்தென்று நினைப்பார்கள், இது குளிசை அல்லவா?

-----

ஐயா, பருவின் வேர் பற்றி நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன், ‘முகப்பரு’வையும் ‘பரு’ ஆக்கிவிட்டேன். ஆனால் ‘பருத்தடை’ வேண்டவே வேண்டாம். ப, க ஓர் எழுத்து மாறி அச்சானால் மருந்தே மாறிப்போகும். அதைவிட, கருத்தடையை மறைப்பதே தப்பு. சாப்பிடுகிற பெண்ணுக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறதென்றால், மருத்துவரிடம் அவள்தான் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் கருத்தடைப் பலன் குறையும், பரு மாத்திரை என்றே நினைத்திருப்பவள் அதை எங்கே போய்ச் சொல்வாள்? பிரான்சில் டயான்-35 என்ற ஹார்மோன் மாத்திரை பருவுக்கு மட்டுமே அனுமதி பெற்றது, பெண்கள் பரவலாகக் கருத்தடைக்கு எடுத்தார்கள், ரத்தக்கட்டால் சாவுகள் நேர்ந்த பிறகு 2013இல் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். காகிதத்தில் ஒன்று, புழக்கத்தில் ஒன்று என்று இருந்தால் ஆபத்து இரண்டு பக்கமும்தான்.

இன்னொன்று. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை சிலருக்குப் பருவைக் கூட்டிவிடும், ஆகவே ‘கூட்டு’ என்ற சொல் விடுபடவே கூடாது. ‘கூட்டுக் கருத்தடை மாத்திரை’ என்று தலைப்பில் போட்டு, கீழே ‘பரு சிகிச்சைக்காகத் தரப்படுகிறது, கல்யாணமாகாதவர்களும் எடுக்கலாம்’ என்று எழுதலாமா? அம்மாக்களின் தயக்கத்துக்கு அந்த வரிதான் பதில், பெயரை மாற்றுவதல்ல. உள்ளே ‘ஹார்மோன்’ என்றே விடுகிறேன், செவிலியர் வாயில் வருவது அதுதான்.

-----

சரி, கூட்டுக் கருத்தடை மாத்திரை. எனக்குச் சம்மதம்.

-----

எனக்கும்.

-----

‘கூட்டு’ ஏற்கிறேன். மறைக்கக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ‘ஹார்மோன்’ ஏற்கவில்லை, முதல் முறை வரும் இடத்திலாவது பக்கத்தில் ‘இயக்குநீர்’ போடுங்கள். ‘சிகிச்சை’யும் வடசொல், அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.