புளோக் எண் வரிசை: 2க்கு முன்னால 10ஏ வருது, உதவுங்க

யீஷூன்வாசி:
வணக்கம். தீபாவளிப் பை விநியோகத்துக்கு முகவரிப் பட்டியல் எக்ஸ்எம்எல் ஃபைல்ல இருக்கு, எக்ஸ்எஸ்எல்டியில (எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்துற மொழி) மாத்தி அச்செடுக்கணும். புளோக் 1, 10, 100, 10ஏ, 2ன்னு வருது. சார்ட் (வரிசைப்படுத்துற) கட்டளையில டேட்டா-டைப்பை நம்பர்னு போட்டா 10ஏ, 12பி எல்லாம் உச்சியில போய் நிக்குது. சனிக்கிழமை தொண்டூழியர்கள் வர்றாங்க, அவசரம்.

அங்மோகியோ அக்கா:
எந்த வெர்ஷன் தம்பி? எதுல ஓட்டுறீங்க? 10ஏ, 10க்கும் 11க்கும் நடுவுல வரணும், அப்படித்தானே?

தெம்பனிஸ்:
எண்ணுக்குப் பின்னாடி ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். அதைக் கழிக்க நார்மலைஸ்-ஸ்பேஸ் போடுங்க, எனக்கு ரெண்டு தடவை அதுதான் ஆச்சு.

பழையகை:
ஸ்பேஸ் இல்ல. எண்ணா மாத்தும்போது முன்பின் ஸ்பேஸ் தானாவே கழிஞ்சிடும். 10ஏ எண்ணே கிடையாது, நேன் (எண் இல்லைன்னு அர்த்தம்) ஆயிடும். எக்ஸ்எஸ்எல்டி 1.0 விவரக்குறிப்பு 1999லேயே வந்தாச்சு. படிச்சுட்டுக் கேளுங்க.

யீஷூன்வாசி:
அக்கா, ஆமா, நடுவுலதான். மைக்ரோசாஃப்ட் டாட்நெட்ல ஓடுது, எக்ஸ்எஸ்எல்டி ஃபைல் தலையில வெர்ஷன் 2.0ன்னு இருக்கு. எழுத்தை நீக்க ரிப்ளேஸ் போட்டா தெரியாத ஃபங்ஷன்னு எரர்.

பழையகை:
தலையில 2.0ன்னு எழுதிட்டா ஆச்சா? டாட்நெட்டோட சொந்த எஞ்சினுக்கு 1.0தான் தெரியும்.

அங்மோகியோ அக்கா:
அப்போ ரெண்டு சார்ட் வைங்க. முதல் சார்ட், டேட்டா-டைப் நம்பர்:
டிரான்ஸ்லேட்(புளோக், டிரான்ஸ்லேட்(புளோக், '0123456789', ''), '')
உள்ளே இருக்கிறது எழுத்தை மட்டும் பொறுக்கும், வெளியே இருக்கிறது அந்த எழுத்தைத் தூக்கிடும். 10ஏ, 10 ஆயிடும். ரெண்டாவது சார்ட், டெக்ஸ்ட்: உள் டிரான்ஸ்லேட் மட்டும். வெறும் 10க்கு அது காலி, அதனால 10ஏக்கு முன்னால வரும்.

தெம்பனிஸ்:
இவ்வளவு எதுக்கு? மூல ஃபைல்லயே 002, 010ஏன்னு சைபர் போட்டுட்டா டெக்ஸ்ட் வரிசையே போதுமே.

அங்மோகியோ அக்கா:
முகவரியில கை வைக்காதீங்க. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் பலகையில எங்கேயாவது 010ஏன்னு பார்த்திருக்கீங்களா? அந்த ஃபைலை வேற யாரெல்லாம் எடுக்கிறாங்களோ.

தெம்பனிஸ்:
எங்க ஆபிஸ்ல பொருள் எண்ணுக்கு ஆறு வருஷமா சைபர்தான் போடுறோம், ஒரு பிரச்சினையும் இல்ல.

அங்மோகியோ அக்கா:
பொருள் எண் நீங்க வச்சது. புளோக் எண் நாம வச்சதில்லையே. சைபர் வேணும்னா வரிசைக்கு மட்டும் ஃபார்மட்-நம்பர்ல போட்டுக்கலாம், அச்சுக்குப் போகக் கூடாது.

பழையகை:
அக்கா சொல்றது சரி. ஒரு எச்சரிக்கை: வீட்டு எண்ணுக்கு அதே டிரான்ஸ்லேட்டைப் போடாதீங்க. 03-12, 31-2 ரெண்டுமே 312 ஆயிடும். மூணாவது மாடிக்காரரும் முப்பத்தொண்ணாவது மாடிக்காரரும் பக்கத்துப் பக்கத்துல வருவாங்க. சப்ஸ்ட்ரிங்-பிஃபோர், சப்ஸ்ட்ரிங்-ஆஃப்டர் வச்சுக் கோட்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாப் பிரிச்சு, ரெண்டையும் நம்பரா சார்ட் பண்ணுங்க.

யீஷூன்வாசி:
வந்துடுச்சு! 9, 10, 10ஏ, 10பி, 11. வீட்டு எண்ணுக்கும் பிரிச்சுட்டேன், மொத்தம் நாலு சார்ட். ரொம்ப நன்றி அக்கா, பழையகை அண்ணே. அச்செடுக்கப் போறேன்.