ஐ.சி.யு.வில் அப்பா ஆளே மாறிவிட்டார்: இது ஜன்னியா, மனநோயா?

கேள்வி (தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மகன்)

வணக்கம். என் தந்தைக்கு வயது 71; ராகியும் நிலக்கடலையும் போடும் விவசாயி. நிமோனியா முற்றி மூச்சு வாங்கியதால் கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தார். முந்தாநாள்தான் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். அன்று மாலையே, மாட்டை இன்னும் உள்ளே பிடித்துக் கட்டவில்லையா என்று என்னைத் திட்டினார். கட்டிலைச் சுற்றி யாரோ நிற்பதாகச் சொல்லி, கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். இரவு கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். நேற்று காலையிலிருந்து நேர்மாறாக, கூரையைப் பார்த்தபடியே கிடக்கிறார். கூப்பிட்டால் திரும்பவே நேரமாகிறது. வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறக்கிறார். "இன்றைக்கு அமைதியாகிவிட்டார்" என்று அங்கே சொல்கிறார்கள். எனக்கு அந்த அமைதிதான் அச்சமாக இருக்கிறது. ஊரில் சிலர் காற்று சேஷ்டை என்கிறார்கள், சிலர் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இது தீருமா? தூக்க ஊசி போடச் சொல்லிக் கேட்கலாமா? பார்வை நேரத்தில் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில் (ஐ.சி.யு. செவிலியர், தர்மபுரி)

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் நீங்கள் விவரிப்பது டெலிரியத்தோடு பொருந்துகிறது. நம் பெரியவர்கள் ஜன்னி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உடம்பில் உள்ள நோய் மூளையைத் தடுமாற வைப்பதால் வருவது இது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும், ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், மனம் எதிலும் நிலைகொள்ளாது. கூச்சலிடுகிறவரை வார்டு முழுவதும் கவனித்துவிடும். பேசாமல் கிடப்பவரைத் தொந்தரவில்லாத நோயாளி என்று எண்ணி நாங்களே கடந்து போய்விடுவதுண்டு. பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தபின் சொல்கிறேன், அடங்கிய வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. எனவே உங்கள் அச்சத்தை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

இதைக் கண்டறிய கேம்-ஐ.சி.யு. என்ற படுக்கையருகுச் சோதனை 2001 முதல் வழக்கத்தில் இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஏ' என்று கேட்கும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வோம். இரண்டுக்கு மேல் பிழை வந்தால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு, கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் இருக்குமா என்பது போன்ற எளிய கேள்விகள் வரும். ஆங்கில எழுத்து அறியாதவர்களுக்கு நான் எண்களைச் சொல்லி, 'ஒன்று' வரும்போது அழுத்தச் சொல்கிறேன். இங்கே ஒரு செய்தி முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கோ கன்னடமோதான். நோயில் தளர்ந்திருக்கும் முதியவரைத் தமிழில் மட்டும் சோதித்தால், மொழித் தடுமாற்றத்தைக் குழப்பம் என்று பிழையாகக் கணித்துவிடக்கூடும். உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்பதை அங்குள்ள சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அரைத்தூக்கத்தில் இருக்கும்போது தயவுசெய்து எதையும் ஊட்டாதீர்கள். கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா திரும்பிவிடும்.

பதில் (மயக்கவியல் மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு)

செவிலியர் கூறியதை அப்படியே ஏற்கிறேன். டெலிரியம் என்று பெயர் சூட்டியதோடு வேலை முடிவதில்லை. ஏன் வந்தது என்று தேட வேண்டும். கிருமித்தொற்று அடங்காதது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது, சோடியம், சர்க்கரை, யூரியா ஆகியவற்றின் மாற்றம், தீராத வலி, அடைபட்ட சிறுநீர், பல நாள் மலச்சிக்கல், தூக்கமின்மை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கொடுத்துவரும் மருந்துகளையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவசியம். (நம் இரு மாவட்டங்களிலும் பூச்சிமருந்து நஞ்சோடு வருபவர்களுக்குத் தரப்படும் அட்ரோபின் அளவு மிஞ்சினாலும் இத்தகைய பிதற்றல் வரும், தோல் உலர்ந்து சூடாகி, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.)

தூக்க ஊசி கேட்காதீர்கள். மிடாசோலம், லோரசிபாம் வகை மருந்துகள் டெலிரியத்தை வரவழைக்கவும் நீட்டிக்கவும் கூடியவை. நாள்தோறும் குடித்தவரோ, தூக்க மாத்திரைக்குப் பழகியவரோ அதைத் திடீரென நிறுத்தியதால் வரும் குழப்பத்துக்கு மட்டும் அதே வகை மருந்துதான் சிகிச்சை. ஆகவே அத்தகைய பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் என்ற மருந்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 2018-இல் வெளியான, 566 ஐ.சி.யு. நோயாளிகளிடம் செய்த அமெரிக்க ஆய்வில், அது வெற்று மருந்தைவிட (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத ஊசி) டெலிரியத்தைக் குறைக்கவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு ஒருவர் திமிறும்போது குறுகிய காலத்துக்கு நாங்கள் அதைப் பயன்படுத்துவதுண்டு, அவ்வளவுதான். கையைக் கட்டுவதும் திமிறலைக் கூட்டக்கூடியது. எப்போது அவிழ்ப்பார்கள் என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

மருந்தைவிடப் பலன் தருபவை எளியவை: பகலில் வெளிச்சம், இரவில் விளக்கையும் பேச்சையும் குறைத்துத் தூங்கவிடுவது, சீக்கிரமே எழுப்பி உட்காரவைத்து நடக்கப் பழக்குவது. வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு முதல் நாட்களிலேயே உடலியக்கப் பயிற்சி தொடங்கியதால் டெலிரியம் நீடித்த காலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலோருக்கு இந்நிலை தெளிந்துவிடும். ஆனால் அது நீடிக்க நீடிக்க, பின்னாளில் மறதியும் கவனக்குறைவும் தங்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறோம்.

பதில் (பென்னாகரத்திலிருந்து ஒரு மகள்)

என் தாயாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படி நேர்ந்தது. மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் பையில் பூட்டியிருந்ததை நான்காம் நாள்தான் உணர்ந்தேன். அவற்றை மாட்டிய பிறகே அவர் என் முகம் பார்த்துப் பேசினார். "நான் உங்கள் மகள், இது ஆஸ்பத்திரி, இன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். இல்லாத ஆட்களைக் கண்டு அவர் பயந்தபோது வாதாடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வீடு திரும்பிய பின், ஐ.சி.யு.வில் யாரோ தன்னைக் கொல்ல வந்ததாகப் பல வாரங்கள் நம்பினார். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் தெலுங்குதான். சிஸ்டரிடம் சொன்னதும், எண்களை என்னைத் தெலுங்கில் சொல்லச் சொல்லி அவர் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்; பத்தில் நான்கு பிழை. மருத்துவரும் டெலிரியம்தான் என்றார். மாலையில் கைக்கட்டை அவிழ்த்தார்கள், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்பா குடிப்பதில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் கடையில் வாங்கி, பல ஆண்டுகளாக இரவில் ஒரு மாத்திரை போடுவார். சேர்க்கும்போது அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

பதில் (மயக்கவியல் மருத்துவர்)

நாளை வரை வைத்திருக்காமல் இப்போதே போனில் சொல்லுங்கள். வீட்டில் உள்ள அட்டையின் பெயரையும் மில்லிகிராமையும் படமெடுத்து அனுப்புங்கள். கடைசியாக எந்த இரவில் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக அந்த மாத்திரையை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.